பிரேக் இல்லாத பரீட்சை

ஏற்காடு மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர்களுக்குப் பிரேக் தேவையில்லை என்று யாரும் எழுத்தில் உத்தரவு போடவில்லை. அப்படிக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்கிற அளவுக்கு மலைச்சாலைத் திறன் மேம்பாட்டு மையத்தில் யாரும் அசடு இல்லை. அவர்கள் செய்ததெல்லாம் ஒரு பரீட்சை வைத்ததுதான். அந்தப் பரீட்சையில் பிரேக் இல்லை. மிச்சத்தைச் சாலை பார்த்துக்கொண்டது.

பாலகுமார் அடிவாரத்துக்காரர். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வழியாக வாழவந்திக்கு மினி பஸ் ஓட்டியே தலை நரைத்தவர். காலை முதல் நடையில் அவர் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் எஸ்டேட் வேலைக்காரர்கள். அவர்களில் அவருடைய மனைவி புவனேஸ்வரியும் உண்டு. காப்பிக்கொட்டை தரம் பிரிக்கிற குடோனில் அவளுக்கு வேலை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற முதல் ஜன்னல் அவளுடையது. காலையில் ஏறுவதும் பொழுது சாய இறங்குவதும் இருவருக்கும் ஒன்றாகத்தான்.

ஓட்டுநர் என்ற முறையில் பாலகுமாரிடம் பெரிய வித்தை எதுவும் கிடையாது. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிப்பார். எதிரிலிருந்து பதில் ஹாரன் வந்தால் நிறுத்துவார். இறங்குகிறவன் நிற்க வேண்டும், ஏறுகிறவன் போக வேண்டும், அவ்வளவுதான் மலையின் சட்டம். வழி விட்டால் எதிர் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். இதைச் செய்யாத டிரைவர் மலையில் இல்லை என்பதால் இதற்கு ஒரு பரீட்சை வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

மையத்துக்குத் தோன்றியது. ஏரிக்குப் பக்கத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கட்டடம் எழும்பியது. மலைப்பாதையை அப்படியே திரையில் காட்டும் பயிற்சிக் கருவி வரப்போகிறது என்றார்கள். மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் ரிப்பனை வெட்டி, கருவிக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிப் போன பிறகுதான் கரண்டே வந்தது. திரை எரிந்தது. அதில் ஒரு சிவப்புக் கார் தன் முன்விளக்கு இரண்டையும் கண்ணாகச் சிமிட்டி, நாக்கை நீட்டிக் காட்டி, பக்கத்தில் நின்ற காரின் மேல் தர்பூசணிக் குண்டு ஒன்றைத் துப்பியது. மூடிப்போன ஏதோ விளையாட்டுக் கூடத்து எந்திரம் அது. குழந்தைகளுக்கான கேலிச்சித்திரக் கார்ச்சண்டை.

மையத்தின் இயக்குநர் வெங்கடாசலம் கணக்குப் போட்டுப் பார்த்தார். வந்தது தப்பான பொருள் என்று சொன்னால், தப்பான பொருளுக்கு மாலை போட்டது யார் என்ற கேள்வி வரும். ஆகவே வந்தது சரியான பொருள்தான் என்று முடிவாயிற்று. மறுநாளே அதற்கு மோதல்வழித் திறனாய்வுக் கருவி என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். டிரைவர்கள் டமால் வண்டி என்றார்கள். மலையில் வண்டி ஓட்டிப் பிழைக்கிற எல்லோரும் அகர வரிசைப்படி வந்து அதில் தேர்ச்சி பெற வேண்டும். மூன்று முறை தவறினால் மலை அனுமதி ரத்து.

மலை அனுமதி போனால் பாலகுமாருக்கு வேறு பிழைப்பு கிடையாது. சமவெளியில் பஸ் ஓட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதனால் முதல் பரீட்சைக்கு அவர் குளித்து, விபூதி பூசி, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையோடு போனார். கருவியை இயக்குகிற நந்தினி என்ற பெண் மரியாதையாக உட்கார வைத்தாள். காலுக்குக் கீழே இரண்டே மிதி. வலப்பக்கம் மிதித்தால் கார் பறந்தது. முதல் வளைவு வந்ததும் இடப்பக்க மிதியை பிரேக் என்று நம்பி மிதித்தார். தர்பூசணி பறந்து போய் ஒரு தபால்பெட்டியைத் தூள் தூளாக்கியது. பதறிப்போய் இரண்டு காலையும் எடுத்துவிட்டார். எதிரே ஒரு பச்சைக் கார் பல்லை இளித்துக்கொண்டு வந்தது. ஏறித்தான் வருகிறது என்று நினைத்து ஓரம் கட்டி வழி விட்டார். அது இவரைத் தேடி வந்து முட்டியது. இவருடைய கார் பூரி மாதிரி உப்பி வெடித்து, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் வானத்திலிருந்து மறுபடி விழுந்து, ஒன்றுமே நடக்காததுபோலச் சிரித்தது. அடுத்து வந்த காருக்கும் வழி விட்டார். திரும்பவும் வெடித்தார்.

தாக்கும் மனப்பான்மை போதாது என்று முடிவு வந்தது.

ஓட்டுநர்களுக்கான விளக்கக் கூட்டம் ஒன்று நடந்தது. சேலத்திலிருந்து மேலே வருகிற பஸ்ஸை ஓட்டும் மூக்கன்தான் எழுந்து கேட்டார். அறுபதை நெருங்குகிறவர், அகர வரிசையில் அவர் முறை இன்னும் வரவில்லை. கருவியில் பிரேக்கைக் காணோமே, ரிவர்ஸையும் காணோமே, ஹாரன்கூட இல்லையே என்று பணிவாகத்தான் கேட்டார். வெங்கடாசலம் புன்னகை செய்தார். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற மனிதருடைய புன்னகை அது.

"பிரேக் இருக்கு என்கிற நம்பிக்கையிலதான் ஓட்டுநர்கள் வேகமாப் போறாங்க. அந்த மூடநம்பிக்கையை நாங்க எடுத்துட்டோம். ரிவர்ஸ் கேக்கறீங்க. இது முன்னேற்றத்துக்கான மையம். பின்னால போறதுக்கு நாங்க எதுக்குப் பயிற்சி கொடுக்கணும்?" என்றார்.

கை தட்டினார்கள். தட்டாவிட்டால் குறித்துக்கொள்வார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. பாலகுமாரும் தட்டினார்.

இரண்டாவது முறையும் தவறினார். இந்தத் தடவை பச்சைக் கார் வருவது தெரிந்தும் கை தானாகவே ஓரம் கட்டிவிட்டது. இன்னும் ஒரே வாய்ப்பு. புவனேஸ்வரியிடம் சொன்னபோது அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே, பொம்மைக் காரைத்தானே இடிக்கச் சொல்கிறார்கள், இடித்துவிட்டு வாருங்கள் என்றாள். அதில் இத்தனை யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. பிற்பாடு அவள் அந்த வார்த்தையை நினைத்து வருந்தியதுண்டு.

மதியம் பஸ் நிற்கிற நேரத்தில் மையத்தில் பழகிப் பார்க்க அனுமதித்தார்கள். பாலகுமார் போய் உட்கார்ந்தார். எதிரே வெள்ளைக் கார் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு குறுக்கே புகுந்தது. வாரக்கடைசியில் வெளியூரிலிருந்து வந்து, வளைவில் முந்தி, போகிற போக்கில் இவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போகிற கார்கள் அத்தனையும் அதில் அவருக்குத் தெரிந்தன. இடக்காலை மிதித்தார். தர்பூசணி அதன் முகத்தில் போய் அப்பியது. வெள்ளைக் கார் கண்கள் சொக்க, தலையைச் சுற்றி நட்சத்திரங்கள் பறக்க, குட்டிக்கரணம் போட்டு வெடித்தது. பாலகுமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். ஆயுசெல்லாம் வழி விட்டே வந்த மனிதருக்கு, வழி விடாமல் இருப்பது இத்தனை சுகம் என்று இதுவரை யாரும் சொல்லித் தரவில்லை.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே போனார். அங்கே வரிசையில் நின்ற டிரைவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. எல்லோருடைய கண்ணும் திரையிலேயே இருந்தது. சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இயக்குநர் ஆடிக்கொண்டிருப்பார். அப்போது வெளியே டமால் சத்தமும், அதற்குப் பிறகு ஒரு பெரிய மனிதருடைய சின்னச் சிரிப்பும் கேட்கும்.

நியாயமாகச் சொல்வதென்றால் அது ஒன்றும் உசத்தியான விளையாட்டு இல்லை. மொத்தமே நான்கு சாலைகள். ஒன்று பனியில், ஒன்று பாலைவனத்தில், ஒன்று நிலாவில், ஒன்று யாருடைய சமையலறை மேஜையிலோ. எதிலும் ஏற்றமில்லை, இறக்கமில்லை. எதிரிக் கார்கள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் வரும். நாலு நாளில் சலித்திருக்க வேண்டும். சலித்தும் போயிற்று. ஆனால் இடிக்கிற அந்த ஒரு நொடி மட்டும் சலிக்கவில்லை. மற்ற நேரமெல்லாம் அந்த நொடிக்காகக் காத்திருப்பதாகவே ஆகிவிட்டது.

ஒருநாள் பாலகுமார் நந்தினியிடம் கேட்டார். "ஏனுங்கம்மா, இந்த வண்டிகளுக்குள்ள ஆளுங்களே இல்லீங்களே?"

"ஆள் வெச்சா வெடிக்கறதப் பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்கன்னு விட்டுட்டாங்களாம், சார்" என்றாள் நந்தினி. அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவது முறை பாலகுமார் தேர்ச்சி பெற்றார். மையம் திறந்ததிலிருந்து அந்த மதிப்பெண்ணை யாரும் எடுத்ததில்லை. அட்டை ஒன்றில் பெயரை அச்சடித்துக் கழுத்தில் மாட்டினார்கள்.

இதற்குள் மலைப்பாதை வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. முதலில் ஹாரன் சத்தம் குறைந்தது. பிறகு வண்டிகளின் பக்கக் கண்ணாடிகள் காணாமல் போயின. அடிவாரத்துப் பட்டறைகளில் நசுங்கிய கதவுகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. வழி விட்டால் இரண்டு விரல் தூக்குகிற வழக்கம் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. கிளியூரிலிருந்து வந்த பால் வேன் ஒன்று வளைவில் எதிர் வண்டியோடு முறைத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் சாய்ந்தது. டிரைவருக்கு இரண்டு காலும் முறிந்தன. மையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆள் போய், அவர் எந்தச் சாலையில் எத்தனை மதிப்பெண் எடுத்தார் என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

அதைப் பற்றி வெங்கடாசலம் அடுத்த கூட்டத்தில் பேசினார். "அந்த ஓட்டுநர் எங்ககிட்ட நல்ல மதிப்பெண் வாங்கினவர். ஆக ஓட்டுநர்கிட்டக் குறை இல்லை. பயிற்சியிலயும் குறை இல்லை. மிச்சம் இருக்கிறது சாலை ஒண்ணுதான். சாலை இன்னும் எந்தப் பரீட்சையும் எழுதலையே."

அதன் பிறகு சாலையைத் திருத்த ஆரம்பித்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் எதிர் வண்டியைக் காட்டுவதற்கு வைத்திருந்த குவிகண்ணாடிகளைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். கருவியில் அப்படி எதுவும் இல்லாததால் பயிற்சி பெற்றவர்கள் குழம்புகிறார்களாம். ஹாரன் அடிக்கவும், ஏறும் வண்டிக்கு வழி விடவும் என்றிருந்த பலகைகளின் மேல் நீல வண்ணம் பூசினார்கள். தடுப்புச் சுவர்களில் சிரிக்கிற கண்கள் வரைந்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் அந்தச் சுவர்களில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். மூடுபனி வந்துவிட்டால் சுவர் தெரியாது, கண்கள் மட்டும் தெரியும். காலை பஸ்ஸில் எஸ்டேட் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

ஒரு சாயங்காலம் பாலகுமார் இறங்கிக்கொண்டிருந்தார். பஸ் நிறைய ஆட்கள். பாதி வழியில் ஒரு வளைவில் எதிரே இரண்டு மஞ்சள் விளக்குகள் ஏறி வந்தன. அவற்றைப் பார்த்ததும் அவர் உடம்பில் என்னவோ ஒரு குதூகலம் ஓடியது. இடக்கால் தானாக இறங்கி மிதித்தது. பஸ்ஸில் இடப்பக்கம் இருப்பது கிளட்ச். இறக்கத்தில் கிளட்சை அழுத்தினால் இன்ஜினின் பிடி விட்டுப்போகும், பஸ் தன் கனத்தில் தானே உருளும். உருண்டது. பாலகுமார் விளக்குகளையே பார்த்தபடி, அவை வெடிப்பதற்காகக் காத்திருந்தார்.

எதிரே வந்தது மூக்கனுடைய பஸ். ஏறுகிற அவருக்குத்தான் வழி. ஆனாலும் அவர் நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு, கண்டக்டர் விசிலடித்துக்கொண்டே பின்னால் ஓட, அந்த வளைவில் பனிக்குள் அத்தனை ஜனத்தோடும் பின்னாலேயே இறங்கினார். புவனேஸ்வரி எழுந்து பாலகுமாரின் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் அவருடைய வலக்கால் பிரேக்கைத் தேடிப் போயிற்று. இரண்டு பஸ்களும் முட்டிக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது. ஒரு குழந்தை மட்டும் அழுதது.

அன்றைக்கு வீட்டில் புவனேஸ்வரி சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அந்த பஸ்ஸுக்குள்ள ஆளுங்க இருந்தாங்க. நீங்க அதப் பாத்தாப்பல தெரியலீங்க" என்றாள்.

பாலகுமார் சோற்றைப் பிசைந்தார். பார்த்தேன் என்று சொன்னால் அவர் கொலைகாரர். பார்க்கவில்லை என்று சொன்னால் அவர் டிரைவர் இல்லை. தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைக் கண்டே பயமாக இருந்தது. மறுநாள் மையத்துக்குப் போய்க் கழுத்து அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டார்.

போனார். வெங்கடாசலம் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மூக்கன் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த யாரோ அதைப் போனில் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். இறங்குகிற பஸ் நிற்காமல் வருவதும் ஏறுகிற பஸ் பின்வாங்குவதும் அதில் தெளிவாக இருந்தன. இதைவிடப் பயிற்சியின் வெற்றிக்கு என்ன சான்று வேண்டும் என்று இயக்குநர் மகிழ்ந்து போயிருந்தார். பாலகுமார் அட்டையைக் கழற்றி நீட்டினார், எனக்கு இது வேண்டாமுங்க, புத்தி தடுமாறுது என்றார். அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ள விதியில் இடமில்லை, பயணிகள் வண்டி ஓட்டுவதை நிறுத்தினால் மலை அனுமதியோடு சேர்ந்து லைசென்சும் போகும் என்று வெங்கடாசலம் மிகவும் அன்பாக எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு அவரைக் கௌரவத் தேர்வாளராக நியமித்தார். அன்று மதியமே இரண்டு பேரைச் சோதிக்க வேண்டும். ஒருவர் மூக்கன், பின்வாங்கியதற்காக உடனடிப் பரீட்சை. இன்னொருவர் வசந்த், புதிதாக விண்ணப்பித்த வாலிபன். வரிசையில் மூக்கனுக்கு அடுத்தவன்.

மூக்கன் கருவியில் உட்கார்ந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். வளைவு வந்தது. கருவியில் ஹாரன் இல்லாததால் வாயாலேயே பாம் பாம் என்றார். நந்தினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பச்சைக் கார் வந்தது. மூக்கன் ஓரம் கட்டி, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். வெடித்தார். வானத்திலிருந்து விழுந்தார். மறுபடியும் பாம் பாம் என்று சொல்லி, மறுபடியும் வழி விட்டார்.

பின்வாங்கியவருக்கு மூன்று வாய்ப்பு கிடையாது, ஒன்றுதான் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். வெங்கடாசலம் டீயை உறிஞ்சியபடி பாலகுமாரின் தோளுக்குப் பின்னால் நின்றார். தேர்வாளர் தவறாக மதிப்பிட்டால் தேர்வாளருடைய அனுமதியையே மறுபடி பரிசீலிக்க வேண்டியிருக்கும் என்று பொதுவாக, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

மூக்கன் எழுந்து வந்தார். "நீ எழுதறத எழுது சாமி. நேத்து உம்பட சம்சாரம் மொத ஜன்னல்ல இருந்துச்சு. அதப் பாத்ததுந்தான் பின்னால எடுத்தேன். இல்லீனா எனக்கும் ஒரு வீம்பு இருந்துச்சு" என்றார்.

பாலகுமார் பேனாவை எடுத்தார். இந்த மனிதர் இல்லாவிட்டால் இன்றைக்குத் தான் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தாக்கும் மனப்பான்மை போதாது என்று எழுதினார். அந்த நேரத்தில் தன்னைப்போல் ஒரு ஈனப்பிறவி மலை மேலும் இல்லை, கீழும் இல்லை என்று தோன்றியது. தோன்றியும் கையெழுத்தைப் போட்டார்.

வசந்த் வந்து உட்கார்ந்தான். தபால்பெட்டி, பச்சைக் கார், வெள்ளைக் கார், வழியில் நின்ற ஒரு ஆட்டுக்குட்டி, எதையும் விடவில்லை. ஒவ்வொன்று வெடித்தபோதும் சிரித்தான். பாலகுமாருக்கு அந்தச் சிரிப்பு பழக்கமானது. அவன் பாலகுமாரின் மதிப்பெண்ணைத் தாண்டியபோது வெங்கடாசலம் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். தேர்ச்சி என்று பாலகுமார் எழுதினார். மூக்கன் ஓட்டிய பஸ்ஸை இன்று சாயங்கால நடையிலிருந்தே வசந்த் எடுத்துக்கொள்வான் என்று இயக்குநர் அறிவித்தார்.

சாயங்காலம் பாலகுமார் வாழவந்தியிலிருந்து பஸ்ஸை எடுத்தார். குடோன் வாசலில் புவனேஸ்வரி ஏறி, தன் ஜன்னலில் உட்கார்ந்தாள். நேற்றைய கோபம் அவளிடம் இல்லை. நாள் முழுக்கக் கொட்டை பொறுக்கிய களைப்புதான் இருந்தது. ஏற்காட்டைத் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. பாலகுமார் அன்றைக்கு ஓட்டியதுபோல என்றைக்கும் ஓட்டியதில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடித்தார், ஊர்ந்தார், காது கொடுத்தார். பின்னால் ஒரு சுற்றுலாக் கார் வாலைப் பிடித்தாற்போல ஒட்டிக்கொண்டு விளக்கைச் சிமிட்டியது. பின்னால் எடுக்க வழியில்லை.

பாதி வழியில் அந்த வளைவு வந்தது. கண்ணாடி இருந்த கம்பம் மட்டும் மொட்டையாக நின்றது. பாலகுமார் நீளமாக ஹாரன் அடித்தார். பதில் இல்லை. மலைப்பக்கச் சுவரோடு உரசுகிற அளவுக்கு ஓரம் கட்டி, பஸ்ஸை நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு, இன்னொரு தடவை அடித்தார். கீழே ஒரு பெரிய வண்டி கியர் மாற்றாமல், ஹாரன் அடிக்காமல், உறுமிக்கொண்டு ஏறி வருகிற சத்தம் கேட்டது. பனியில் மங்கலாக ஒரு மஞ்சள் வெளிச்சம் பரவியது.

புவனேஸ்வரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள்.

"எதுக்குங்க நிறுத்திட்டீங்க? மூக்கண்ணன் வண்டி வர்ற நேரந்தான். அவரு பாத்து நிப்பாருங்க" என்றாள்.

பாலகுமார் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"மூக்கண்ணன் இல்ல, புவனா. நீ தலைய உள்ள எடு. வர்றது நான் பாஸ் போட்ட ஆளு."